எதிரி வீட்டு எழவு: கொண்டாடலாமா?

கோவையிலிருந்து பாலக்காடு போகிற சாலையில், சிமென்ட் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்ததுமே மதுக்கரை வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் ராணுவ முகாம், இன்னொரு பக்கம் வாளையாறு வரை நீளும் காடு, நடுவே ரயில் பாதை. இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது தர்மலிங்கேஸ்வரர் மலை. பாண்டவர்களில் மூத்தவரான தருமர் இங்கே சிவனை வழிபட்டார் என்பது ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

தருமர் என்றதும் நமக்குச் சூதாட்டம் நினைவுக்கு வரும். 'அசுவத்தாமன் இறந்தான்' என்ற அரைகுறை உண்மை நினைவுக்கு வரும். ஆனால் 18-ம் நாள் போர் முடிவில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

தொடை உடைந்து மண்ணில் கிடக்கிறான் துரியோதனன். பாஞ்சாலியைச் சபையில் அவமானப்படுத்தியவன், அரக்கு மாளிகைக்குத் தீ வைக்கச் சொன்னவன், அபிமன்யுவின் சாவுக்குக் காரணமானவன். பதின்மூன்று வருடக் கோபத்தோடு பீமன் அவன் தலையைக் காலால் உதைக்கிறான். அப்போது பாய்ந்து வந்து தடுக்கிறார் தருமர். விழுந்து கிடப்பவன் ஓர் அரசன், நம் ரத்த உறவு, அவன் தலையில் கால் வைக்காதே என்று தம்பியைக் கண்டிக்கிறார்.

துரியோதனன் செய்தது சரி என்று தருமர் சொல்லவில்லை. அவனை வீழ்த்தியிருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. போரை நடத்தியவரே அவர்தான். வீழ்த்துவது வேறு, வீழ்ந்தவனை மிதிப்பது வேறு. அவர் போட்டது அந்த ஒரு கோடு மட்டும்தான்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி, நம் காலத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. பயங்கரவாதி என்று அறிவிக்கப்பட்ட ஒருவர் கொல்லப்பட்ட செய்தி டி.வி-யில் ஓடுகிறது. ஒரு வீட்டில் கை தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டில் டி.வி-யை அணைத்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு குழந்தை, "ஏம்ப்பா, ஒருத்தர் செத்ததுக்கு எதுக்கு ஸ்வீட் தர்றாங்க?" என்று கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

பைபாஸ் சாலையில் ஒரு மே மாதம்

மதுக்கரையில் தொடங்கும் எல் அண்ட் டி பைபாஸ் சாலை, சுமார் 28 கிலோமீட்டர் ஓடி நீலாம்பூரில் முடிகிறது. 2009 மே மாதத்தின் முதல் வாரத்தில் அந்த நீலாம்பூர் பக்கத்தில் ஒரு பெரிய கலவரமே நடந்தது. வரிசையாக வந்த ராணுவ லாரிகளில் இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று ஒரு வதந்தி. ஈழ ஆதரவு அமைப்பினர் திரண்டு வந்து வாகனங்களை மறித்துத் தாக்கினார்கள். அது வழக்கமான ராணுவப் பயணம்தான் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். பலர் கைதானார்கள்.

கோவை அன்று அப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் முள்ளிவாய்க்காலில் ஒரு சிறிய மணல் திட்டில் ஏராளமான தமிழர்கள் சிக்கியிருந்தார்கள். மே 18 அன்று விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் நந்திக்கடல் ஓரத்தில் ஓர் உடலைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் சிப்பாய்கள் நிற்கும் காட்சியை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒளிபரப்பின.

இந்தியா 1992-ல் தடை செய்த இயக்கத்தின் தலைவர் அவர். பல நாடுகளின் பட்டியலில் பயங்கரவாதி. தமிழர்களில் பெரும் பகுதியினருக்கோ தலைவர். ஒரே உடலைப் பார்த்தவர்கள் ஒரே மனநிலையில் பார்க்கவில்லை.

கொழும்பு வீதிகளில் பட்டாசு வெடித்தது. கிரிபத் எனப்படும் பால்சோற்றைப் பொங்கிப் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்தார்கள். மே 20-ம் தேதியை அரசு விடுமுறையாக அறிவித்தது. அந்தக் கொண்டாட்டத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1996 ஜனவரியில் மத்திய வங்கியைத் தகர்த்த குண்டு முதல் பேருந்துகளிலும் ரயில்களிலும் வெடித்த குண்டுகள் வரை பார்த்த நகரம் அது. காலையில் வேலைக்குப் போன கணவன் மாலையில் திரும்புவானா என்று கால் நூற்றாண்டு பயந்து வாழ்ந்த பெண்கள் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது மனித இயல்பு.

ஆனால் அந்தப் பால்சோறு வீதியில் பொங்கிய அதே நேரத்தில், வவுனியா மெனிக் பார்ம் முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முள்வேலிக்குப் பின்னால் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலான குடும்பங்களில் யாரோ ஒருவர் செத்திருந்தார், அல்லது காணாமல் போயிருந்தார். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அரசுப் படைகளின் குண்டுவீச்சைக் கண்டித்த அதே அறிக்கை, மக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததற்காகப் புலிகளையும் கண்டித்தது. தலைவரின் சாவைக் கொண்டாடிய பட்டாசுச் சத்தம், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் சாவையும் சேர்த்துக் கொண்டாடியதாகவே அந்த மக்களின் காதில் விழுந்தது. இன்று வரை அந்தக் காயம் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் வீடுகளிலும் ஒரே மாதிரி கண்ணீர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமிர்தலிங்கம் 1989 ஜூலையிலும் நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையிலும் புலிகளால் கொல்லப்பட்டவர்கள். அவர்களும் தமிழர்களின் தலைவர்கள்தான். 1990 அக்டோபரில் மிகக் குறுகிய கெடு கொடுத்து வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பேசிய மொழியும் தமிழ்தான். அந்த வீடுகளில் 2009 மே மாதத்தில் என்ன உணர்வு இருந்திருக்கும்? கோபமா, விடுதலையா, வெறுமையா? அதைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவே இல்லை.

தமிழகத்தில் பலர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்ப மறுத்தார்கள். அந்த உடல் அவருடையது அல்ல என்றார்கள். 2023 பிப்ரவரியில்கூட, பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று தஞ்சாவூரில் பழ.நெடுமாறன் அறிவித்தது தலைப்புச் செய்தியானது. இலங்கை ராணுவம் அதை மறுத்தது. துக்கத்தைத் தாங்க முடியாத மனசு சாவையே ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நம் குடும்பங்களிலும் பார்க்கிற விஷயம்தான்.

சிங்கப்பூரில் ஒரு மகன் சொன்னது

இந்த மரணத்துக்கு எல்லோரையும்விட அதிகமாக மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் என்று உலகம் நினைத்த ஒரு குடும்பம் உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் தந்தையைப் பறிகொடுத்த குடும்பம்.

2018 மார்ச் மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒரு கலந்துரையாடலில் ராகுல் காந்தி இதைப் பற்றி மனம் திறந்தார். பிரபாகரனின் உடலைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தனக்கு இரண்டு உணர்வுகள் வந்ததாகச் சொன்னார். ஒன்று, இந்த மனிதரை ஏன் இப்படி அவமானப்படுத்துகிறார்கள் என்பது. இன்னொன்று, அவருக்காகவும் அவருடைய பிள்ளைகளுக்காகவும் ஏற்பட்ட வருத்தம். தங்கை பிரியங்காவிடம் போனில் பேசியபோது, தானும் அப்படியே உணர்வதாக அவரும் சொன்னாராம். அப்பாவைக் கொன்றவர்கள் மீது பல வருடங்கள் கோபம் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. தந்தையை இழந்த பிள்ளையாக இருப்பது எப்படி என்று தெரிந்ததால்தான், எதிரியின் பிள்ளைகளைப் பற்றி அவரால் நினைக்க முடிந்தது.

2013 பிப்ரவரியில் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியானபோது, அந்த வருத்தத்துக்கு அர்த்தம் இருந்தது என்று உலகத்துக்குப் புரிந்தது. ஒரு படத்தில் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சிறுவன், அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடந்தான். புலிகளைப் பிடிக்காதவர்களைக்கூட அந்தப் படம் உலுக்கியது. தமிழகக் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

அதற்கும் முன்பே அந்தக் குடும்பம் இரண்டு காரியங்களைச் செய்திருந்தது. தூக்குத் தண்டனை பெற்ற நளினிக்குச் சின்னக் குழந்தை இருப்பதை நினைத்து, அவருக்குக் கருணை காட்டச் சொன்னார் சோனியா காந்தி. 2000-ல் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2008 மார்ச் 19 அன்று வேலூர் சிறைக்கே போய் நளினியைச் சந்தித்தார் பிரியங்கா. தான் சந்தித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் ஆவதற்கான தன்னுடைய வழி அது என்று பிறகு விளக்கம் சொன்னார்.

இதைப் படிக்கும்போது 'என்ன பெரிய மனசு' என்று தோன்றும். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் மட்டும் சாகவில்லை. அவரோடு சேர்த்துப் பத்துப் பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். பாதுகாப்புக்கு வந்த காவலர்கள், கட்சிக்காரர்கள், கவிதை படித்துக் காட்ட வந்த ஒரு சிறுமி, அவளை அழைத்து வந்த தாய். 2022-ல் பேரறிவாளனும் பின்னர் நளினி உள்ளிட்ட ஆறு பேரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டபோது, உயிரிழந்த மற்றவர்களின் குடும்பங்களிலிருந்தும் காயம்பட்டவர்களிடமிருந்தும் எதிர்ப்புக் குரல் வந்தது. எங்களை யாராவது கேட்டீர்களா என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். தமிழக காங்கிரஸ் கட்சியினரே வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடினார்கள்.

இதில் யார் சரி? இரண்டு தரப்புமே சரி. மன்னிப்பு என்பது அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தரக்கூடியது. அடுத்த வீட்டுக்காரரின் கணக்கிலிருந்து நாம் தாராளம் காட்ட முடியாது. பாதிக்கப்பட்ட ஒருவர் மன்னித்தார் என்பதால் இன்னொருவர் மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்வதும், ஒருவர் மன்னிக்கவில்லை என்பதால் மன்னித்தவரைத் துரோகி என்பதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறுகள் அல்ல.

உலகம் எப்படிப் பார்த்தது?

2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்கப் படை ஒசாமா பின்லேடனைச் சுட்டுக் கொன்றது. அதிபர் ஒபாமா அறிவித்த சில நிமிடங்களில் வெள்ளை மாளிகை முன்பும், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்திலும் இளைஞர்கள் கொடியோடு கூடிக் கோஷமிட்டார்கள். அதே அமெரிக்காவில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது வேறு நாடுகளில் சிலர் மகிழ்ந்து ஆடியதைப் பார்த்து நாம் அருவருப்பு அடைந்தோமே, இப்போது நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று கேட்டார்கள்.

வாடிகனின் செய்தித் தொடர்பாளர் ஃபெடரிகோ லொம்பார்டி வெளியிட்ட அறிக்கை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எத்தனையோ அப்பாவிகளின் சாவுக்குப் பின்லேடன் பொறுப்பு என்று சொன்ன அந்த அறிக்கை, ஆனால் ஒரு மனிதனின் மரணத்தில் கிறிஸ்தவர் மகிழ்ச்சி அடைவதில்லை என்றும், வெறுப்பு மேலும் வளராமல் இருக்கத் தன் பொறுப்பை நினைத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது என்றும் சொன்னது. ஒபாமா, பிணத்தின் படங்களை வெளியிட மறுத்தார். அதைக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டுவது நம் பழக்கம் அல்ல என்பது அவர் சொன்ன காரணம்.

நம் நாட்டில் 2012 நவம்பர் 21 அன்று கசாப் தூக்கிலிடப்பட்டபோது பல ஊர்களில் பட்டாசும் இனிப்பும் களைகட்டின. ஆனால் மும்பை தாக்குதலுக்குக் கிடைத்த எதிர்வினைகளில் கனமானது வேறொன்று. 2008 நவம்பரில் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளின் உடல்களை அடக்கம் செய்ய மும்பையின் முஸ்லிம் அடக்கத்தல நிர்வாகம் மறுத்துவிட்டது. அப்பாவிகளைக் கொன்றவர்களுக்கு எங்கள் மண்ணில் இடமில்லை என்பது அவர்கள் நிலை. ஓராண்டுக்கும் மேல் பிணவறையில் கிடந்த உடல்களை 2010 ஜனவரியில் அரசு ரகசியமாகப் புதைத்தது. சத்தமே இல்லாமல் ஒரு சமூகம் தன் கண்டனத்தைச் சொன்ன விதம் அது. சாவுக்குப் பிறகும் தண்டிக்கலாமா என்று அதையும் சிலர் கேட்டார்கள்.

பழைய மதங்கள் எல்லாமே இந்த இடத்தில் ஒரு தயக்கத்தைக் காட்டுகின்றன. செங்கடலில் எகிப்தியப் படை மூழ்கியபோது வானதூதர்கள் பாடத் தொடங்க, என் படைப்புகள் மூழ்கும்போது பாட்டா என்று கடவுள் தடுத்ததாக யூத மரபில் ஒரு கதை உண்டு. ஒரு யூதரின் சவ ஊர்வலம் கடந்தபோது நபிகள் எழுந்து நின்றதாகவும், அவர் முஸ்லிம் அல்லவே என்று தோழர்கள் சொன்னபோது அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டதாகவும் இஸ்லாமிய மரபு சொல்கிறது. ராவணனுக்கு ஈமக்கடன் செய்யத் தயங்கிய விபீஷணனிடம், பகை சாவோடு முடிந்தது, இனி அவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்று ராமன் சொல்வதாக வால்மீகி எழுதியிருக்கிறார்.

அப்படியானால் தீபாவளி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "ஏனுங்க, நரகாசுரன் செத்ததுக்குத்தானே வருசா வருசம் பட்டாசு வெடிக்கிறோம்? அது மட்டும் சரிங்களா?"

கதையைக் கொஞ்சம் கவனித்தால் விடை அதிலேயே இருக்கிறது. தன் மரண நாளை மக்கள் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்டவன் நரகாசுரனே என்கிறது நம்மிடையே வழங்கும் கதை. சில வடிவங்களில் அவனுடைய தாய் பூமாதேவி கேட்கிறாள். அதாவது, செத்தவன் வீட்டாரின் சம்மதத்தோடு நடக்கும் விழா அது.

மருதமலையில் சூரசம்ஹாரம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். வேல் பாய்ந்த சூரன் மயிலாகவும் சேவலாகவும் மாறி, முருகனின் வாகனமும் கொடியும் ஆகிறான். பக்தர்கள் கும்பிடும்போது சூரனையும் சேர்த்தே கும்பிடுகிறார்கள். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் நடக்கும்போது, களிமண்ணில் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். அதே களத்தில் அவனுக்காக ஒப்பாரியும் ஒலிக்கும். ஜெயித்தவர்களுக்கான விழாவில் தோற்றவனுக்காக அழவும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

கொங்கு மண்ணின் இரண்டு பாடங்கள்

2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பயங்கரவாதி என்பதைவிடக் கொள்ளைக்காரர் என்பதே பொருத்தம். ஆனால் 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடி வைத்து 22 பேரைக் கொன்றவர். சரணடையச் சொல்லிப் பேசப் போன வன அதிகாரி ஸ்ரீனிவாஸின் தலையை வெட்டியவர். அதிரடிப்படை மகிழ்ச்சியில் மிதந்தது. ஒவ்வொரு வீரருக்கும் 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வு என்று அரசு அறிவித்தது.

உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குப் பரிசு கொடுப்பதில் தவறு இல்லை. ஆனால் அந்தத் தேடுதல் வேட்டையின்போது முகாம்களில் சித்திரவதைக்கு ஆளான மலைக்கிராம மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய கதை அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது. தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2007-ல்தான். வெற்றி விழாவின் சத்தத்தில் சில முனகல்கள் கேட்காமல் போகும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாக அடுத்த இரண்டு நாட்களில் கலவரமும் துப்பாக்கிச்சூடும். 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பழியாக 1998 பிப்ரவரி 14 அன்று கோவை முழுக்கக் குண்டுகள் வெடித்தன. அரசு மருத்துவமனை வளாகத்தைக்கூட விடவில்லை. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பூ வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர், கடையில் வேலை பார்த்தவர் என்று எல்லா மதத்தினரும் அந்தப் பட்டியலில் உண்டு. தொழில் நகரம் மீண்டு எழப் பல வருடங்கள் ஆனது.

ஒரு சாவை ஒரு தரப்பு 'நல்லா வேணும்' என்று சொன்னபோதெல்லாம், மறு தரப்பில் யாரோ ஒருவர் அடுத்த சாவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார். கோவைக்காரர்களுக்கு இது புத்தகத்தில் படித்த தத்துவம் அல்ல.

குண்டுவெடிப்பு வழக்கில் 2007-ல் ஆயுள் தண்டனை பெற்ற அல்-உம்மா நிறுவனர் பாஷா, 2024 டிசம்பர் 16 அன்று உடல்நலக் குறைவால் கோவையில் இறந்தார். மறுநாள் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 58 பேரின் சாவுக்குக் காரணமான வழக்கில் குற்றவாளிக்கு ஊர்வலமா என்று பா.ஜ.க.வும் இந்து முன்னணியும் எதிர்த்தன. டிசம்பர் 20 அன்று கறுப்பு நாள் பேரணி நடந்தது. இறந்தவரை அடக்கம் செய்யும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்பது ஒரு பக்கம். குண்டில் மகனை இழந்த தாய் அந்த ஊர்வலத்தைப் பார்க்க நேர்ந்தால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும் என்பது இன்னொரு பக்கம். எதிரியின் சாவில் ஆடுவது எப்படித் தவறோ, அதே அளவுக்கு, கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டவரை நாயகனாக்குவதும் செத்தவர்களின் தலையில் கால் வைப்பதுதான்.

நம்பிக்கை தரும் ஒரு காட்சியும் இதே ஊரில் நடந்தது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே ஒரு கார் வெடித்தது. ஓட்டி வந்தவர் மட்டும் இறந்தார். ஊர் முழுக்கப் பதற்றம். சில நாட்களில் கோவை ஜமாத் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்கே சென்று அங்கிருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். 1997-ல் தொடங்கியதைப் போன்ற ஒரு சங்கிலி மறுபடி கோர்க்கப்படாமல் இருக்க, இப்படிப்பட்ட சந்திப்புகள்தான் வேண்டும்.

பழி தீர்த்தால் மனசு ஆறுமா?

கெவின் கார்ல்ஸ்மித், திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு விளையாட்டில் ஏமாற்றியவரைத் தண்டிக்கும் வாய்ப்பு சிலருக்குத் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. தண்டித்தால் நிம்மதி கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். தண்டித்தவர்களே அதிக மனக்கசப்போடு இருந்தார்கள். ஏமாற்றியவரைப் பற்றியே அவர்கள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். தண்டிக்க வழியில்லாதவர்கள் மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இதனால் குற்றவாளியைத் தண்டிக்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. தண்டனை சமூகத்தின் பாதுகாப்புக்குத் தேவை. அது நம் மனப்புண்ணுக்கும் மருந்தாகும் என்று எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம்.

வீட்டில் குழந்தை கேட்டால்...

* நிம்மதி, நீதி, கொண்டாட்டம் மூன்றும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுங்கள். 'இனி அவரால் யாருக்கும் ஆபத்து இல்லை' என்பது நிம்மதி. 'செய்த குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது' என்பது நீதி. இரண்டுக்கும் பட்டாசு தேவையில்லை.
* கொல்லப்பட்டவரைப் பற்றிப் பேசும் முன்பு, அவரால் இறந்தவர்களைப் பற்றிப் பேசுங்கள். பெரும்பாலும் குற்றவாளியின் பெயர் நமக்கு மனப்பாடம், பலியானவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.
* பிணத்தின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் கண்ணில் படவிடாதீர்கள்.
* ஒருவர் செய்த குற்றத்தை அவருடைய சாதி, மதம், மொழி மீது ஏற்றிப் பேசாதீர்கள். பள்ளியில் உங்கள் குழந்தையின் பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.
* துக்கப்படுகிறவரிடம் விவாதம் செய்யாதீர்கள். அது கொலையுண்டவரின் தாயாக இருந்தாலும், கொலை செய்தவரின் தாயாக இருந்தாலும்.

கொங்கு கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. வரப்புத் தகராறில் பத்து வருடம் முகம் பார்க்காத பங்காளியாக இருந்தாலும், அந்த வீட்டில் எழவு விழுந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிரோணும்" என்பார்கள் பெரியவர்கள். போனதால் தகராறு தீர்ந்துவிடாது. கோர்ட்டில் கேஸ் அப்படியேதான் இருக்கும். ஆனால் அடுத்த தலைமுறை பேசிக்கொள்ள ஒரு கதவு திறந்திருக்கும்.

மகாபாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்துக்குப் போகிறார். அங்கே அவர் கண்ணில் முதலில் படுவது, தம்பிகள் அல்ல, சிம்மாசனத்தில் ஒளியோடு அமர்ந்திருக்கும் துரியோதனன். எதிரியின் தலையை மிதிக்க விடாத அதே தருமருக்குக் கோபம் பொங்குகிறது. இவன் இருக்கும் இடத்தில் எனக்கு இருக்க விருப்பமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இங்கே பகைக்கு இடமில்லை என்று நாரதர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தருமருக்கே அந்தப் பாடம் சொர்க்க வாசல் வரைக்கும் முடியவில்லை. நமக்கும் எளிதில் வந்துவிடாது. கோபம் வரட்டும், கண்ணீர் வரட்டும், நிம்மதியும் வரட்டும். காலை மட்டும் கீழேயே வைத்திருப்போம்.